மெக்டொனால்ட்ஸ் குரூ வேலை: பிரிட்டனில் படிக்க வந்தவர்களுக்கு ஒரு மதிப்பீடு

குரூ என்றால் கடையில் சமைத்து, ஆர்டர் எடுத்து, துடைத்து எல்லாம் செய்யும் சாதாரண ஊழியர். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். சமையலறைக்கு ஐந்துக்கு நாலரை. சம்பளத்துக்கு மூன்று. ரோட்டாவுக்கு, அதாவது எந்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை என்று போடும் அட்டவணைக்கு, மதிப்பெண்ணே போட முடியாது. அது கடைக்குக் கடை மாறும். ஒரே கடையில் மேனேஜர் மாறினாலும் மாறும். லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் அறை எடுத்துத் தங்கி, வகுப்பு நேரம் போக வேலை தேடும் நம் பிள்ளைகளில் பலர் மணிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுச் சேர்ந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு.

முதலில், முதலாளி யார் என்று பார்க்க வேண்டும். 1974-இல் லண்டனின் வூலிச்சில் பிரிட்டனின் முதல் கடையைத் திறந்த மெக்டொனால்ட்ஸுக்கு இன்று இந்த நாட்டில் 1,400-க்கும் மேல் கடைகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஃபிரான்சைஸ். வாசலில் மஞ்சள் வளைவு இருந்தாலும் உங்களுக்குச் சம்பளம் போடுவது அந்தக் கடையையும் பக்கத்துப் பத்துப் பன்னிரண்டு கடைகளையும் வைத்திருக்கும் வேறொரு கம்பெனியாக இருக்கும். பேஸ்லிப்பில் அந்தப் பெயர்தான் வரும். மணி நேரக் கூலி, இரவு ஷிஃப்டுக்குக் கூடுதல் உண்டா, இடைவேளைக்குச் சம்பளம் உண்டா, இவையெல்லாம் அந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருக்கும். ஆகவே ‘மெக்டொனால்ட்ஸில் இவ்வளவு தருவார்கள்’ என்று யாராவது சொன்னால், எந்தக் கடை என்று திருப்பிக் கேளுங்கள்.

சமையலறைக்கு ஏன் அவ்வளவு மதிப்பெண்? புதிதாக வருகிறவரை ஒரு வாரத்தில் வேலைக்கு ஆக்கிவிடும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. இது நேற்று வந்ததல்ல. மெக்டொனால்ட் சகோதரர்கள் கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ கடையை 1948-இல் மூடித் திறந்தபோது உணவு வகைகளைக் குறைத்து, ஒருவருக்கு ஒரு வேலை என்று பிரித்தார்கள். யார் எங்கே நின்றால் ஒருவர்மீது ஒருவர் இடிக்க மாட்டார்கள் என்று பார்க்க டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் சமையலறையை வரைந்து, ஆட்களை நடக்க விட்டுப் பார்த்தார்கள். இன்றைக்கும் கிரில், ஃபிரை, டிரெஸ்ஸிங், கவுண்டர், டிரைவ்-த்ரூ, டைனிங் ஏரியா என்று தனித்தனி இடம். ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புத் தாள். பயிற்சி கொடுக்கும் குரூ டிரெய்னர் பக்கத்தில் நின்று அந்தத் தாளில் டிக் போட்டால்தான் அந்த இடம் உங்களுக்குத் தெரியும் என்று கணக்கு. பார்த்துக் கற்றுக்கொள் என்று விட்டுவிடும் நம்மூர் ஹோட்டல் அடுப்படியோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம்.

ஃபிரை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். புதியவர்களைப் பெரும்பாலும் அங்கேதான் முதலில் நிறுத்துவார்கள். எண்ணெய் ஏறக்குறைய 168 பாகை செல்சியஸ். ஒரு கூடைக்கு 700 கிராம் அளவுக்கு உறைந்த உருளைக்கிழங்கு; பொரிய மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். கூடையை இறக்கி அரை நிமிடத்தில் ஒரு பீப் வரும். அது எடுக்கச் சொல்லி அல்ல, குலுக்கச் சொல்லி. ஒன்றோடொன்று ஒட்டியிருப்பவை அப்போது பிரியாவிட்டால் பிறகு பிரியாது. வெந்ததும் கூடையை எண்ணெய்க்கு மேலேயே சில நொடி வடிய விட்டு, தட்டில் கொட்டி உப்புத் தூவ வேண்டும். அங்கிருந்து ஏழு நிமிடம்தான் ஆயுள். விற்காமல் மிஞ்சியதைக் குப்பையில் போட்டு, போட்டதைக் கணக்கில் எழுத வேண்டும்.

கூட்ட நேரத்தில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். திரையில் ஆர்டர் குவிகிறதே என்று ஒரே கூடையில் இரண்டு கூடைச் சரக்கைப் போடுவார்கள். எண்ணெயின் சூடு இறங்கிவிடும். டைமர் வழக்கமான நேரத்தில் அடிக்கும். கிழங்கோ எண்ணெய் குடித்துத் துவண்டு கிடக்கும். வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவருவார், மறுபடி பொரிக்க வேண்டும். மிச்சப்படுத்த நினைத்த ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகத் திரும்பி வரும். இன்னொன்று, எண்ணெய்த் தொட்டிக்கு மேலேயே உப்புப் போடுவது. உப்பு எண்ணெயில் விழுந்தால் எண்ணெய் சீக்கிரம் கெட்டு நுரைக்கும். கூடையில் ஒட்டியிருக்கும் பனித்துகளையும் உதறிவிட்டு இறக்குங்கள். கையில் தெறிக்கும் கொப்புளங்களில் பாதி அதனால் வருபவை.

கொப்புளம் என்றதும் சொல்ல வேண்டியது: சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இரண்டு நிமிடம் காட்டிவிட்டு நிலையத்துக்கு ஓடாதீர்கள். டூத்பேஸ்ட், இங்க், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். எவ்வளவு சின்னக் காயமானாலும் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கூட்டமாக இருக்கிறது, அப்புறம் எழுதலாம் என்று சொன்னாலும் ஷிஃப்ட் முடிவதற்குள் எழுதிவிட்டே போங்கள்.

கிரில் பக்கம் வந்தால் நம்மவர்கள் பலருக்கு ஒரு நெருடல் இருக்கும். அங்கே வேகும் இறைச்சி வட்டு முழுக்க மாட்டிறைச்சி. சாதாரண பர்கருக்கு உரியது ஒரு பவுண்டுக்குப் பத்து, அதாவது ஒன்று 45 கிராம். குவார்ட்டர் பவுண்டருக்கு உரியது 113 கிராம். உறைந்த வட்டை நீலக் கையுறையோடு எடுத்து வரிசையாக அடுக்க வேண்டும்; முதலில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். மேல்தட்டு தானே இறங்கி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுடும். சின்ன வட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எடுத்ததும் சூட்டுப் பெட்டியில் தட்டோடு வைத்தால் அதற்கும் ஒரு டைமர் ஓடும். பெரிய வட்டை வைத்துவிட்டுச் சின்னதற்கான பொத்தானை அழுத்தினால் வெளியே நிறம் வந்து உள்ளே வேகாமல் இருக்கும். மேல்தட்டில் மாட்டியிருக்கும் ஒட்டாத் தாளில் கரி படிந்தாலோ சுருக்கம் விழுந்தாலோ வட்டு ஒட்டிக் கிழியும். இவற்றைப் பிடிக்கத்தான் வெந்த வட்டின் நடுவில் வெப்பமானி ஊசியைக் குத்திப் பார்த்துப் பதிவு செய்யும் வேலை தினமும் நடக்கிறது. பார்க்காமலே எண்ணை எழுதிவைக்கும் பழக்கம் உள்ள கடையில் வேலை செய்யாதீர்கள். மாட்டிக்கொண்டால் கையெழுத்து உங்களுடையது.

மாட்டிறைச்சியைத் தொட மாட்டேன் என்பவர்கள் அதை நேர்முகத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ஃபிரை, கவுண்டர், டிரைவ்-த்ரூ, டைனிங் ஏரியா என்று மற்ற இடங்கள் இருக்கின்றன. ஒத்துப்போகும் மேனேஜர்கள் உண்டு. ஆனால் இரவில் ஆள் குறைவாக இருக்கும்போது எல்லோரும் எல்லாம் செய்ய வேண்டியிருக்கும், குறிப்பாகக் கடை மூடிக் கழுவும் நேரத்தில். சேர்ந்து இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் உங்களுக்கு வரும் மணி நேரம் குறையும், அவ்வளவுதான். ஒரு சந்தேகம் அடிக்கடி வருவதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பிரிட்டன் கடைகளின் ஃபிரைஸில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி கிடையாது. அமெரிக்காவில்தான் அது உண்டு. அங்கே இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் வழக்குப் போட்டு 2002-இல் ஒரு கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

ஐஸ்கிரீம் மெஷின் எப்போதும் ரிப்பேர் என்று உலகமே கிண்டல் செய்கிறது. கவுண்டரில் நிற்பவர்தான் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உண்மையில் பல நேரம் அது ரிப்பேர் இல்லை. உள்ளே இருக்கும் பால் கலவையைக் கிருமி போக மெஷின் இரவில் தானே சூடாக்கி, மறுபடி குளிர வைக்கும். இதற்கு நான்கு மணி நேரம் போல ஆகும். கலவையின் மட்டம் குறைவாகவோ அளவுக்கு மேலாகவோ இருக்கும்போது அந்தச் சுற்றைத் தொடங்கினால் பாதியில் தோற்று, மெஷின் தன்னைப் பூட்டிக்கொள்ளும். மறுநாள் காலை பத்து மணிக்கு வரிசையில் நிற்கும் குழந்தைக்கு ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியதுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முழுவதையும் பிரித்துக் கழுவி, ரப்பர் வளையங்களுக்கு மசகு போட்டு மாட்ட வேண்டும். ஒரு வளையம் விட்டுப்போனால் முன்பக்கம் ஒழுகும். இந்த வேலையைச் சரியாகக் கற்றுக்கொண்டவருக்குக் கடையில் தனி மரியாதை. ஷிஃப்டும் தாராளமாகக் கிடைக்கும்.

இனி அங்கே நிலவும் போக்கு. எல்லாவற்றையும் கடிகாரம்தான் ஆள்கிறது. டிரைவ்-த்ரூவில் ஒரு கார் ஆர்டர் சொல்லி முடித்ததிலிருந்து பொட்டலம் கையில் கிடைக்கும் வரை நொடிக் கணக்காகப் பதிவாகும். சராசரி நேரம் மேனேஜரின் தலைக்கு மேலே உள்ள திரையில் தெரியும்; அதன் நிறம் மாறினால் அவர் குரலும் மாறும். அந்த எண்ணைக் காப்பாற்ற ஒரு வித்தை உண்டு. உணவு தயாராகாத காரை ‘அந்த இடத்தில் நிறுத்துங்கள், கொண்டுவந்து தருகிறோம்’ என்று அனுப்பிவிடுவார்கள். கார் ஜன்னலைத் தாண்டியதும் கடிகாரம் நின்றுவிடும். காத்திருப்பு நிற்காது. மழையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலை ரன்னருக்கு. ரன்னர் பெரும்பாலும் புதியவர். ஒரு நல்ல மழை மேலாடை கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் நான்கைந்து கார்கள் அப்படி நின்றால் அந்தக் கடை சமையலறையில் ஆள் போதவில்லை என்று அர்த்தம். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் வெள்ளிக்கிழமை மாலை போய் அதை எண்ணிப் பாருங்கள்.

சும்மா நிற்க நேரம் இருந்தால் துடைக்க நேரம் இருக்கிறது என்பது மெக்டொனால்ட்ஸைப் பெரிய சங்கிலிக் கடையாக வளர்த்த ரே கிராக் காலத்திலிருந்து வரும் வாக்கு. அதை நம்பித்தான் கடை நடக்கிறது. ஆர்டர் இல்லாத ஐந்து நிமிடத்தில் கை கட்டி நின்றால் கண் உங்கள்மேல் விழும். ஒரு துணியை எடுத்துக்கொண்டு கவுண்டரைத் துடையுங்கள், பிரச்சினை தீர்ந்தது. கத்துவார்களா? கூட்டத்தில் கத்துவார்கள். ‘இரண்டு பிக் மேக், ஒன்றில் ஊறுகாய் வேண்டாம்’ என்று கத்துவது வேலை. உங்கள் உச்சரிப்பைக் கிண்டல் செய்து கத்துவது வேலை இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மேனேஜருக்குத் தெரிந்திருக்கிறதா என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிடும். ஹெட்செட்டில் வரும் லண்டன் ஆங்கிலம் முதலில் பிடிபடாது; அதனால் டிரைவ்-த்ரூவில் ஆர்டர் எடுப்பதற்கு முன் சில வாரம் உள்ளே நின்றுவிட்டுப் போவது நல்லது. கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

இதில் கசப்பான பக்கமும் பொதுவெளியில் இருக்கிறது. பாலியல் தொந்தரவு குறித்து பிரிட்டனின் சமத்துவ ஆணையத்தோடு நிறுவனம் 2023 பிப்ரவரியில் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டு ஜூலையில் பிபிசி நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்களின் புகார்களை வெளியிட்டது. பாலியல் சீண்டல், இனவெறிப் பேச்சு, மிரட்டல் எல்லாம் அதில் இருந்தன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் நிறைய இருக்கும், இருபத்திரண்டு வயதுக்காரர் ஷிஃப்டை நடத்தும் இடம் இது. ரோட்டாவும் அவர்கள் கையில். யார்மீது புகாரோ அவரே உங்கள் அடுத்த வார மணி நேரத்தை முடிவு செய்பவராக இருந்தால் யார் வாய் திறப்பார்கள்? அப்படி ஏதாவது நடந்தால் தேதி, நேரம், பக்கத்தில் இருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே சொந்த ஈமெயிலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வெளியே ஏக்காஸ் என்ற அமைப்பின் இலவசத் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது. மூன்று மாதம் ஆவதற்குள் அங்கே போய்விடுங்கள்.

ஆக, ரோட்டா. பெரும்பாலான குரூவுக்கு உறுதியான மணி நேரம் இல்லாத ஒப்பந்தம்தான். வேண்டுகிறவர்கள் நிலையான மணி நேரத்துக்கு மாறலாம் என்று 2017-இல் நிறுவனம் அறிவித்தது. சோதனையில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் பழையபடியே இருக்கிறோம் என்றார்கள். மாணவர்களுக்கு அது வசதிதான், தேர்வு வாரத்தில் வேலை வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் வசதி இரு பக்கமும் வேலை செய்யும். விடுமுறைக் கூட்டம் அடங்கிய ஜனவரியில் 20 மணி நேரம் 8 ஆகலாம். வாடகை அப்படியே இருக்கும். கடைசி நேர ஷிஃப்டுக்கு இரண்டு முறை வர முடியாது என்றால் மூன்றாவது முறை உங்களைக் கேட்கவே மாட்டார்கள். சேரும்போது கேட்க வேண்டியது இதுதான்: நிலையான மணி நேர ஒப்பந்தம் கிடைக்குமா, ரோட்டா எத்தனை நாள் முன்னதாக வரும், போட்ட ஷிஃப்டை அன்றே ரத்து செய்வார்களா? அதே கடையில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டால் மேனேஜர் சொல்லாததும் தெரியவரும். சேரும்போது எந்த நாள் எந்த நேரம் வர முடியும் என்று எழுதித் தருவீர்கள் அல்லவா, அதில் எல்லா நேரமும் வருவேன் என்று எழுதாதீர்கள். எழுதினால் நள்ளிரவுக் குளோஸும் அதிகாலை ஓப்பனும் அடுத்தடுத்து வரும். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் 11 மணி நேர ஓய்வு சட்டத்தில் இருக்கிறது, சொல்லிக் கேளுங்கள். குளோஸ் 12 மணிக்கு என்று போட்டிருந்தால் தொட்டி கழுவி, எண்ணெய் வடிகட்டி முடிய 12.40 ஆகும். இரவுப் பஸ் நேரத்தை அதற்கேற்பப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஷிஃப்ட் என்றால் 20 நிமிட இடைவேளை உங்கள் உரிமை.

மாணவர் விசாக்காரர்களுக்கு அந்த 40 நிமிடம் வெறும் களைப்பு மட்டும் இல்லை. பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சராசரி எடுக்கும் பேச்சே இல்லை. இந்த வாரம் 15, அடுத்த வாரம் 25 என்றால் மீறல்தான். இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டும் சேர்த்து 20. ஞாயிறு இரவு இன்னும் ஒரு மணி நேரம் இரு என்று மேனேஜர் கெஞ்சும்போது அவருக்கு அது ஒரு ஷிஃப்ட், உங்களுக்கு விசா. பேஸ்லிப்பில் வாரவாரிக் கணக்கு தெளிவாக இருக்காது என்பதால் நுழைந்த, வெளியேறிய நேரத்தைத் தனியே குறித்து வையுங்கள். முதுகலை மாணவர்கள் இன்னொன்றில் ஏமாறுகிறார்கள்: ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆய்வேடு எழுதும் காலம் விடுமுறை இல்லை, அப்போதும் 20 தான். மணி நேரம் போதவில்லை என்று நண்பரின் டெலிவரி ஆப் கணக்கில் சைக்கிள் ஓட்டப் போகாதீர்கள். சுயதொழிலுக்கு மாணவர் விசாவில் அனுமதி இல்லை.

சம்பளக் கணக்கு எளிது. 21 வயது முதல் சட்டக் குறைந்தபட்சம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டு, 2026 ஏப்ரலிலிருந்து 12.71. 18 முதல் 20 வயது வரை 10.85 தான். அதே கிரில், அதே கொப்புளம், வாரம் 20 மணி நேரத்துக்கு 37 பவுண்டு குறைவு. சில ஃபிரான்சைஸ்காரர்கள் இதற்கு மேல் தருவார்கள். 20 மணி நேரத்துக்கு 254.20 பவுண்டு, வரி விலக்கு வரம்பு ஆண்டுக்கு 12,570 என்பதால் வருமான வரி, தேசியக் காப்பீடு இரண்டும் சேர்ந்து வாரம் மூன்றரை பவுண்டு போலத்தான் போக வேண்டும். ஐம்பது பவுண்டு பிடித்திருந்தால் உங்கள் வரிக் குறியீடு தப்பு. பேஸ்லிப்பில் 1257எல் என்று இருக்க வேண்டிய இடத்தில் பிஆர், அதாவது வரி விலக்கு இல்லாமல் முழுச் சம்பளத்துக்கும் வரி பிடிக்கும் குறியீடு, இருக்கிறதா பாருங்கள். சேரும்போது கொடுத்த படிவத்தில் வேறு வேலை இருப்பதாகத் தவறான கட்டத்தில் டிக் போட்டிருப்பீர்கள். வரித்துறையின் இணையக் கணக்கில் திருத்தினால் பிடித்தது திரும்பி வரும். விடுமுறைச் சம்பளம் நிலையில்லாத மணி நேரக்காரர்களுக்கும் உண்டு: செய்த மணி நேரத்தில் 12.07 சதவீதம். 20 மணி நேரம் செய்தால் 2.4 மணி நேரம் சேரும். கேட்காதவர்களுக்கு அது மறந்துபோகும்.

மேலே ஏறலாமா என்றால் ஏறலாம். குரூ டிரெய்னர், ஷிஃப்ட் மேனேஜர், அசிஸ்டன்ட் மேனேஜர், கடை மேனேஜர் என்று படி இருக்கிறது. கவுண்டரிலிருந்து தொடங்கிக் கடையை நடத்துகிறவர்கள் உண்மையிலேயே நிறைய. ஆனால் டிரெய்னர் ஆனால் கூடும் காசு சில பென்ஸ், கூடும் பொறுப்பு அதைவிட எவ்வளவோ. 20 மணி நேர வரம்பில் இருக்கிறவருக்கு ஷிஃப்ட் மேனேஜர் வேலை சரிப்படாது. ஷிஃப்ட் முடிந்து கணக்கு முடிக்கும்வரை கிளம்ப முடியாது. குரூ வேலையை வைத்து வேலை விசா ஸ்பான்சர் கிடைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. அந்த வேலை அந்த விசாவுக்குத் தகுதியுள்ள பட்டியலில் இல்லை.

வாங்க வேண்டிய பொருள் ஒன்றுதான்: வழுக்காத அடிப்பாகம் உள்ள கறுப்பு ஷூ. மலிவானதை வாங்கினால் எண்ணெய் படிந்த தரையில் முதல் வாரமே தெரிந்துவிடும். கைக்கடிகாரம், வளையல், கோயிலில் கட்டிய கயிறு எதுவும் சமையலறையில் மணிக்கட்டில் இருக்க விடமாட்டார்கள். கயிறு முக்கியம் என்றால் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை விடும்போது, அதுவரை வாங்கிய சம்பளத்தையும் கட்டிய வரியையும் காட்டும் பி45 படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், அடுத்த இடத்தில் பிஆர் குறியீட்டில் மாட்டாமல் இருக்க அதுதான் வழி. எடுக்காத விடுமுறைக்கான பணம் கடைசிச் சம்பளத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பேஸ்லிப் எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு முன்பே போனில் இறக்கி வையுங்கள். வேலை முடிந்ததும் அந்த ஆப்பில் உங்களால் நுழைய முடியாமல் போகலாம். அடுத்த விசா விண்ணப்பத்தின்போது 20 மணி நேரக் கணக்கைக் காட்ட வேண்டி வந்தால் உங்களிடம் இருக்கும் அத்தாட்சி அவைதான்.